அமெரிக்க நாவல்களின் முதற்பதிப்பைக் கண்டறிவது எப்படி: முதலில் பின்னட்டையைப் பாருங்கள்

பழைய அமெரிக்க நாவல் ஒன்று கைக்கு வந்தவுடன் பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டி, 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று அச்சிட்டிருக்கிறதா என்றுதான் பெரும்பாலோர் பார்க்கிறோம். நான் வாங்கிய 1950களின் நாவலில் அந்தச் சொற்கள் தெளிவாகவே இருந்தன. நல்ல விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது முதற்பதிப்பே அல்ல, புத்தகக் கிளப் (உறுப்பினர்களுக்குத் தபாலில் நூல் அனுப்பும் அமைப்பு) தன் உறுப்பினர்களுக்காகத் தனியே அச்சிட்ட பிரதி என்று தெரிந்தது. அதனால் என் முதல் படி பின்னட்டைதான்.

1926இல் தொடங்கிய புக் ஆஃப் தி மந்த் கிளப் போன்றவை பல நாவல்களை மூலப் பதிப்பின் அச்சுத் தகடுகளைக் கொண்டே அச்சிட்டன. ஆகவே 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்ற வரியும் சில பிரதிகளில் அப்படியே தங்கிவிட்டது. அவற்றைக் காட்டிக்கொடுப்பது பின்னட்டையின் கீழ்ப்பக்கம், முதுகுப்பகுதிக்கு அருகே மை இல்லாமல் அழுத்தப்பட்ட சிறு வட்டமோ சதுரமோ புள்ளியோதான். என் பிரதியில் அது ஒரு பயற்றம் பருப்பின் அளவே இருந்தது. சொரசொரப்பான துணி அட்டை என்பதால் விரலுக்கும் தட்டவில்லை, கடையின் மேல்விளக்கிலும் தெரியவில்லை. மேலுறையைக் கழற்றி, டார்ச்சை அட்டையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தபோது அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நிழல் விழுந்தது. மேலுறையின் உள்மடிப்பு வெட்டுப்படாமல் இருந்தும் விலை அச்சிடப்படவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும். மூலை வெட்டப்பட்டிருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது; பரிசளிப்பவர்கள் விலையை வெட்டியெடுப்பது வழக்கம்.

அடுத்தது பதிப்புரிமைப் பக்கம். இதில் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒரு முறை உண்டு. ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகம் 1930இலிருந்து முதல் அச்சுக்கு 'ஏ' என்ற எழுத்தை இட்டது. அது 1952இல் வெளியிட்ட 'தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ' நாவலில் அதைத் தேட வேண்டும். மேக்மில்லன் வெளியிட்ட 'கான் வித் தி விண்ட்' நாவலில் 1936 மே என்ற வெளியீட்டு மாதம் இருக்க வேண்டும். ஜூன் என்றிருந்தால் அது பிந்தைய அச்சு.

ஸ்கிரிப்னர்ஸே 1925இல் வெளியிட்ட 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலுக்கு 'ஏ' உதவாது, ஏனெனில் அந்த வழக்கமே அப்போது தொடங்கியிருக்கவில்லை. முதல் அச்சு 20,870 பிரதிகள். அதே ஆண்டு ஆகஸ்டில் மேலும் 3,000 அச்சிட்டபோது, தகடுகளில் சில சொற்களை மாற்றினார்கள். சேகரிப்பாளர்கள் 'பாயிண்ட்' என்று சொல்வது இத்தகைய அடையாளங்களைத்தான். 60ஆம் பக்கம், 16ஆம் வரியில் 'சாட்டர்' என்றிருந்தால் முதல் அச்சு, 'எக்கோலாலியா' என்றிருந்தால் இரண்டாவது. 119ஆம் பக்கம், 22ஆம் வரியில் 'நார்தர்ன்' என்பது பின்னர் 'சதர்ன்' ஆனது. 205ஆம் பக்கத்தில் 'சிக் இன் டயர்ட்' என்று மூன்று சொற்களாக இருந்தது பின்னர் ஒரே சொல்லானது. மேலுறையின் பின்புறத்தில் ஜே கேட்ஸ்பி என்ற பெயரின் முதலெழுத்தைச் சிறிய எழுத்தாக அச்சிட்டுவிட்டு, பல பிரதிகளில் பேனாவால் பெரிய எழுத்தாகத் திருத்தியிருக்கிறார்கள். அந்த மைக்கீற்றை முதன்முதலாகப் படத்தில் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

கருவிகளில் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பைத்தான் பரிந்துரைப்பேன். கைப்பேசியின் பெரிதாக்கும் செயலி படத்தைத் தானாகவே மெருகேற்றிவிடுவதால் அதை நம்புவதில்லை. பாயிண்ட்டுகளைச் சரிபார்க்க அந்த எழுத்தாளருக்கென்று அச்சில் வந்த நூலடைவை (அவருடைய நூல்களின் பதிப்பு விவரப் பட்டியலை) பாருங்கள். விற்பனை விளம்பரங்களில் ஒருவரது பிழையை அடுத்தவர் அப்படியே படியெடுக்கிறார்.

பிற்சேர்க்கை: நூல் எல்லாச் சோதனையிலும் தேறிய பிறகும் மேலுறை மட்டும் புதிதாகத் தெரிவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மேலுறைகளுக்கு நகல்கள் விற்கப்படுகின்றன. ஒரே நிறமாகத் தோன்றும் பகுதியை லூப்பில் பார்த்தால், ஸ்கேன் செய்து அச்சிட்டவற்றில் பெரும்பாலும் பல நிறப் புள்ளிகள் தெரியும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், பணம் அனுப்புமுன் பதிப்புரிமைப் பக்கம், பாயிண்ட் உள்ள பக்கங்கள், உள்மடிப்பின் மூலைகள் ஆகியவற்றோடு, மேலுறை கழற்றிய பின்னட்டையைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் கேட்டு வாங்குங்கள்.