கண்புரை அறுவைக்கு முன்: இமையைக் கவனியுங்கள்

கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் சீழ் பிடிப்பது அரிது. பிடித்துவிட்டால் ஓரிரு நாளில் பார்வையே போய்விடலாம். அந்தக் கிருமி பெரும்பாலும் நோயாளியின் இமை ஓரத்தில் எப்போதும் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ்தான். அறுவைத் துளை வழியே உள்ளே போய்விடுகிறது. அதனால் இமையைச் சுத்தப்படுத்துவதை இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

இமை முடி வேரில் பொடுகுபோல் செதில் ஒட்டியிருந்தால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை, இளஞ்சூடாக, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். காலையும் மாலையும். துணி ஆறினால் மறுபடி நனையுங்கள். சூடு இருந்தால்தான் இமைச் சுரப்பிகளில் உறைந்த கொழுப்பு இளகும். பிறகு ஈரப் பஞ்சால் முடி வேரை ஒட்டித் துடையுங்கள், கண்ணுக்கு ஒரு பஞ்சு.

கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறதா? மூக்கை ஒட்டிய மூலையை அழுத்தும்போது சளியோ சீழோ எதிர்த்து வந்தால் கண்ணீர்ப் பையில் தொற்று இருக்கிறது. அதை முதலில் சரிசெய்தாக வேண்டும். அதற்கே தனி அறுவை தேவைப்படலாம். மெட்ராஸ் ஐ வந்தாலும் அப்படித்தான், எந்தக் கண்ணில் என்றாலும் தேதியைத் தள்ளிப்போடுங்கள். குறித்த நாள் தவறுகிறதே என்று மருத்துவரிடம் மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

அறுவைக்கு முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். பிறகு சில நாள் தலைக்கு ஊற்ற விடமாட்டார்கள். அறுவை நாளன்று காலை முகத்தைச் சோப்பால் கழுவுங்கள். மை, எண்ணெய், பவுடர் வேண்டாம். இமை முடியை வெட்டத் தேவையில்லை. ஒட்டும் பிளாஸ்டிக் விரிப்பால் அதை மடித்து மூடுவார்கள்.

அறுவை அரங்கில் உங்களைக் காப்பது முக்கியமாக ஒரே மருந்து: கண்ணின் மேற்பரப்பில் 5% போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி, குறைந்தது 3 நிமிடம், சுற்றியுள்ள தோலில் 10%. மரத்துப்போகும் ஜெல்லை இதற்குப் பிறகே வைக்க வேண்டும். முந்தினால் ஜெல் படலமாகப் படிந்து மருந்தைக் கிருமிமேல் படவிடாது. எரிச்சல் இருக்கும், அது ஒவ்வாமை அல்ல. இறால், மீன் ஒத்துக்கொள்ளாதவர்களும் இதைத் தவிர்க்கக் கேட்காதீர்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. உண்மையாகவே ஒத்துக்கொள்ளாதவருக்கு நீரில் கரைத்த குளோர்ஹெக்சிடின் உண்டு. ஆல்கஹால் கலந்தது கருவிழியைப் பொசுக்கிவிடும்.

அறுவை முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்துவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். 2007இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 1 மில்லிகிராம் செஃபுராக்சிம் தொற்றை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைத்தது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள்.