சாத்திய கதவுக்குள் போர்ப்பேச்சு: நிக்சன் ஒலிநாடாக்களைக் கேட்கும் முறை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை; விசைப்படகுகள் கரையில் கிடக்கும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்களுக்கு மாலையில் ஆள் சேர்வது அப்போதுதான். எங்கோ இருவர் பேசி முடித்ததை மீன்வலையில் தெரிந்துகொள்கிற கரை இது. பேச்சு மட்டும் நம் காதுக்கு வருவதில்லை. அமெரிக்க அதிபர் நிக்சனும் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் பேசியது ஒலியாகவே கிடைக்கிறது. அதைப் பாடமாக வைக்கலாம்.

1971 பிப்ரவரியிலிருந்து 1973 ஜூலை வரை சுமார் 3,700 மணி நேரம் பதிவாகியிருக்கிறது. முழுவதையும் கேட்கிறேன் என்று இறங்கினால் மூன்றாம் நாள் கூட்டம் கலைந்துவிடும். இரண்டு பேச்சு போதும்: 1971 நவம்பர் 5, 1972 ஆகஸ்ட் 3. இரண்டுக்கும் எழுத்துப்படி இணையத்தில் இலவசம்.

ஒலி மோசமாகத்தான் இருக்கும். மெல்லிய நாடாவை மிக மெதுவாக ஓடவிட்டுப் பதிந்திருக்கிறார்கள். மைக்குகள் மேசைக்குள் ஒளித்து வைக்கப்பட்டவை, அதனால் கோப்பை வைக்கிற சத்தம் குரலைவிடப் பெரிதாகக் கேட்கும். குரல் எழுந்தால்தான் கருவி ஓடும். முதல் சொல் வெட்டுப்பட்டிருந்தால் காரணம் அதுதான். கச்சான் வீசுகிற மாதத்தில் தென்கடல் பக்கம் திறந்த கொட்டகையில் உட்கார்ந்தால் ஒன்றும் விளங்காது. ஜன்னல் சாத்திய அறை, மின்விசிறி நிறுத்தம், ஆளுக்கொரு ஹெட்போன் அல்லது நல்ல ஸ்பீக்கர் வேண்டும். முதல் ஐந்து நிமிடம் தாள் இல்லாமல் கேளுங்கள். பிறகு எழுத்துப்படியோடு திரும்பக் கேளுங்கள். பத்து நிமிட ஒலிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். புரியாத இடத்தில் 'கேட்கவில்லை' என்றே குறியுங்கள். ஊகித்து நிரப்பிய ஒரு சொல் அடுத்த வாரம் மேற்கோளாகத் திரும்பி வரும்.

கேட்குமுன் எல்லாருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பதிவு ஓடுவது நிக்சனுக்குத் தெரியும், கிஸ்ஸிங்கருக்குத் தெரியாது. கிஸ்ஸிங்கரும் சளைத்தவரில்லை: தன் தொலைபேசிப் பேச்சுகளை உதவியாளர்களை ஒட்டுக்கேட்கவைத்துத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டார். எந்த வாக்கியம் எதிரில் இருப்பவருக்கு, எது வரலாற்றுக்கு என்று பிரிக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: போர், வெளியுறவு, உள்ளூர் அரசியல். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏதாவது ஒன்றில் எழுதுங்கள். இரண்டு கட்டத்தில் விழுகிற வாக்கியத்துக்கு அடிக்கோடு. நாம் தேடுவது அதைத்தான்.

நவம்பர் 5 பேச்சு, இந்திரா காந்தியை நிக்சன் சந்தித்த மறுநாள் நடந்தது. வசவுதான் எல்லாருக்கும் நினைவில் நிற்கும். அதிபர் அவரைக் 'கிழட்டுச் சூனியக்காரி' என்கிறார். அதிலேயே நின்றுவிட்டால் பாடம் போச்சு. ஆலோசகர் சொல்வதைக் கவனியுங்கள்: அமெரிக்கா சரியாக வரவேற்கவில்லை, வேறு வழியின்றிப் போருக்குப் போகிறேன் என்று ஊருக்குப் போய் அந்த அம்மாவால் இனிச் சொல்ல முடியாது என்கிறார். விருந்தினருக்குக் காட்டிய மரியாதைக்கு உள்ளே இருந்த கணக்கு இது. நேராக இரண்டு கட்டத்தில் விழும். 28 நாள் கழித்து இந்திய-பாகிஸ்தான் போர் வந்தது.

ஆகஸ்ட் 3 பேச்சு இன்னும் பச்சையானது. வியட்நாம் போர் நடக்கிறது, நவம்பரில் அதிபர் தேர்தல். அமெரிக்கா தாங்கி நிற்கிற தென் வியட்நாம் பிழைக்காது என்றே அதிபர் நினைக்கிறார். ஓரிரண்டு வருஷத்தில் அது விழுந்தால் நம் வெளியுறவு என்னாகும் என்று கேட்கிறார். விழுந்தது தென் வியட்நாமியருடைய திறமைக்குறைவால் என்று தெரிந்தால் பாதகமில்லை, ஓரிரண்டு வருஷம் தாக்குப்பிடிக்கிற ஓர் ஏற்பாடு போதும் என்கிறார் ஆலோசகர். வியட்நாம் அமைதி ஒப்பந்தம் 1973 ஜனவரி 27-ல் ஆனது. தென் வியட்நாம் தலைநகர் சைகோன் 1975 ஏப்ரல் 30-ல் விழுந்தது. இந்தத் தேதிகளைக் கடைசியில் மட்டும் பலகையில் எழுதுங்கள். முன்கூட்டிச் சொன்னால் யாரும் வாக்கியத்தைக் கேட்பதில்லை.

தமிழில் படித்துக் காட்டுவதாக இருந்தால் விளிச்சொல்லில் கவனம். ஆலோசகர் எப்போதும் பதவிப் பெயரால்தான் அழைப்பார், அதிபர் அவரை 'ஹென்றி' என்பார். முன்னதற்குத் 'தலைவரே' சரியாகப் பொருந்தும்; சங்கக் கூட்டத்தில் காதில் விழுகிற அதே குழைவு. வசவை மென்மையாக்கவும் வேண்டாம், நம்மூர் வசவைச் சேர்க்கவும் வேண்டாம்.

நேரக் கணக்கில் பலர் வழுக்குவார்கள். டிசம்பரில் வாஷிங்டன் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், ஆகஸ்டில் ஒன்பதரை. 1971 டிசம்பர் 3 மாலை ஆறுக்குச் சற்று முன் பாகிஸ்தான் விமானங்கள் நம் தளங்களைத் தாக்கியபோது அங்கே காலை ஏழேகால் சுமார். இதைச் சரிபார்க்காவிட்டால் செய்தி போவதற்கு முன்பே அவர்கள் அதைப் பற்றிப் பேசியதாக எழுதிவிடுவீர்கள்.

இரண்டாம் மாலைக்குக் கச்சத்தீவை எடுங்கள். 285 ஏக்கர் தீவு, 1974 ஜூன் ஒப்பந்தம். மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே பயண ஆவணமின்றிப் போய்வரலாம் என்கிற 5-ஆம் பிரிவைச் சத்தமாகப் படியுங்கள். அடுத்து, இலங்கைக் கடலில் இந்தியப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்கிற 1976 மார்ச் 23 கடிதங்கள். அதே மூன்று கட்டம்தான். பக்கத்தில் அந்த மாதங்களின் நாள்காட்டி: மே 1974-ல் ரயில்வே வேலைநிறுத்தம், மே 18 பொக்ரான் சோதனை. 1976 மார்ச்சில் நெருக்கடிநிலை. இங்கே ஒலிநாடா இல்லை. ஆகவே, அறைக்குள் யார் என்ன சொன்னார் என்று எவராவது ஆரம்பித்தால், எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.