அலுமினியத்தில் நீர் ஒட்டாமல் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையின் சிறு பட்டறைகளிலும் பொறியியல் மாணவர்களின் செயல்திட்டங்களிலும் இந்த முயற்சி இப்போது பரவலாக நடக்கிறது. நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளையே அவர்களும் செய்கிறார்கள். முறை எளிது. அலுமினியத் தகட்டைக் கொதிநீரில் அரை மணி நேரம் வைத்தால், போமைட் எனப்படும் நுண்ணிதழ்ப் படலம் அதன்மேல் வளர்கிறது. பிறகு எத்தனாலில் கரைத்த ஸ்டியரிக் அமிலத்தில் முக்கி உலர்த்தினால், அமில மூலக்கூறுகள் அவ்விதழ்களைப் பற்றிக்கொண்டு நீரை விலக்குகின்றன. 2019இல், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களுக்கான பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ. போன்ற ஃபுளோரின் சேர்மங்கள் எதுவும் இதற்குத் தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவது, எத்தனாலை அடுப்பருகே வைக்காதிருப்பது ஆகியவற்றை அறிந்தவர்களுக்காகவே மேற்கொண்டு எழுதுகிறேன்.

உப்புத் தண்ணீரில் கொதிக்க வைப்பது

கொங்குப் பகுதி கடும்பாறை நிலம். இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகளோடு பாறையிலிருந்து கரைந்த சிலிக்காவும் இருக்கிறது. அந்தச் சிலிக்கா உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு போமைட் வளர்வதைத் தடுக்கிறது. அதே வேளையில், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போலவே கால்சியம் கார்பனேட் தகட்டின் மீதும் வெள்ளையாகப் படிகிறது.

எனக்கு எரிச்சலூட்டுவது இதற்கு அடுத்த கட்டம். ஸ்டியரிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டையும் நன்றாகவே பற்றும். பிளாஸ்டிக்கில் நிரப்பியாகச் சேர்க்கும் கார்பனேட் தூளுக்கு இதே அமிலத்தைப் பூசுவது வழக்கம். ஆகவே முதல் நாள் சோதனையில் நீர்த்துளி அழகாக உருண்டோடும், செய்தவரும் வெற்றி என்றே நம்புவார். கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில், அப்படி நம்பி ஒரு தொகுதித் தகடுகள் முழுவதையும் முடித்து அடுக்கியிருந்தார்கள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது, தேய்த்த இடத்தில் விட்ட துளி சப்பென்று பரவி நின்றது. தகடு, எத்தனால், கூலி அனைத்தும் வீண்.

பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் கேனின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் நேர்ந்த இழப்பு அது. சிறுவாணி நீர் குடிக்க இனிக்கும், உப்பும் குறைவு. ஆயினும் இவ்வேலைக்கு அது காய்ச்சி வடித்த நீருக்கு ஈடாகாது. கொதிக்க வைத்தபின் தகட்டை அலசுவதற்கும் காய்ச்சி வடித்த நீரே வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் குழாயைத் திறந்துவிடுகிறார்கள்.

அமிலத்தை அள்ளிப் போடுவது

தேவைப்படுவது ஒரு மூலக்கூறு கனமுள்ள அடுக்கு மட்டுமே. மிகுதியானது மெழுகாக உறைந்து இதழ்களின் இடைவெளியை அடைத்துவிடும் என்பதால், முக்கி எடுத்ததும் தூய எத்தனாலில் ஒரு முறை அலச வேண்டும்.

கோணத்தை மட்டும் அளப்பது

தொடுகோணம், அதாவது துளியின் விளிம்பு தகட்டோடு ஆக்கும் கோணம், 150 பாகையைத் தாண்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். துளி உருண்டையாக இருந்துகொண்டே, தகட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டியிருப்பதுண்டு. 10 பாகைச் சாய்வுக்குள் உருள்கிறதா என்றும் பாருங்கள்.

சோப்பு

படலம் ஏற்றிய தகட்டைச் சோப்பால் கழுவவே கூடாது.

பம்பின் இம்பெல்லருக்குப் பூசுவது

இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம். மணல் கலந்த நீர் அதன்மேலுள்ள இப்படலத்தை விரைவில் அராவிவிடும். தேய்மானம் இல்லாத இடங்களுக்கே, குறிப்பாக ஏசியின் அலுமினியத் தகட்டு வரிசைக்கும் திறந்தவெளியில் நிற்கும் பெயர்ப்பலகைக்கும், இது பொருந்தும்.