ஃப்ரீலான்சரின் இலக்கும் சம்பளக்காரரின் கணக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்சராக மாறுபவர்கள் முதல் மாதத்திலேயே ஓர் இலக்கை எழுதி வைப்பார்கள். பெரும்பாலும் அது கடைசியாக வாங்கிய சம்பளம். துணிச்சல்காரர் என்றால் கூடவே ஒரு பத்தாயிரம். அலுவலகத்தை விட்டாலும் சம்பளக்காரரின் மனக்கணக்கு விடுவதில்லை. இலக்கு தவறும்போது பலரும் தங்கள் சோம்பலைத்தான் திட்டிக்கொள்கிறார்கள். கணக்கையே முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பேன்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 2,000 சொற்கள் என்பது தரம் கெடாமல் செய்யக்கூடிய அளவு. சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 3,000 ரூபாய். மாதம் 20 நாள் உழைத்தால் 60,000. தாளில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விசாரித்து வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுத வேண்டும். மாதிரி செய்து அனுப்ப வேண்டும், விலை பேச வேண்டும். ‘இந்தச் சொல் எங்கள் மேலாளருக்குப் பிடிக்கவில்லை’ என்று திரும்பி வருவதைத் திருத்த வேண்டும். பில் போட்டு, பணம் வராவிட்டால் தயங்கித் தயங்கி நினைவூட்டவும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் யாரும் காசு தருவதில்லை. 20 நாளில் ஏழு நாள் இப்படிப் போனால் மிச்சம் 13. அந்த 13 நாளில் 26,000 சொற்கள், அதாவது 39,000 ரூபாய்.

இந்தப் பள்ளத்தைக் கண்டதும் பலர் நாளுக்கு 3,000 சொற்கள் என்று இலக்கை ஏற்றிவிடுகிறார்கள். முதல் வாரம் ஓடும். பிறகு தரம் இறங்கும், திருத்த வேலை பெருகும், காசு கிடைக்காத நாட்கள் இன்னும் கூடும். செய்ய வேண்டியது எளிய வகுத்தல்: 60,000 ரூபாயை 26,000 சொற்களால் வகுத்தால் சொல்லுக்கு ஏறத்தாழ 2 ரூபாய் 30 காசு. அந்த விலையைத் தரக்கூடியவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் இவருடைய இந்த ஆண்டு இலக்காக இருக்க முடியும். பழைய வாடிக்கையாளரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், புதிதாக வருபவரிடமிருந்து புது விலையைத் தொடங்கலாம்.

ஆண்டுக் கணக்கு போடும்போது 12 மாதத்தால் பெருக்குவதும் இதே குடும்பத்துத் தவறு. காய்ச்சலுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் சம்பளத்துடன் விடுப்பு தர ஆளில்லை. பதினொன்றால் பெருக்குங்கள், வீட்டில் சிறு குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் பத்தால்.

எல்லா மாதத்துக்கும் ஒரே தொகையை எழுதி வைப்பவர்களும் உண்டு. கல்யாணப் புகைப்படக்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் அநேகமாக நடப்பதே இல்லை. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஒரே முகூர்த்த நாளுக்கு நான்கு பேர் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு மாத இலக்கு என்பதே பொருந்தாது. ஆண்டுத் தொகையை முடிவு செய்து, தை மாதப் பணத்தில் ஆடிக்கான வீட்டுச் செலவை எடுத்து வைப்பதுதான் அந்தத் தொழிலின் முறை. எந்தத் தொழிலுக்கும் இப்படி ஓர் ஆடி இருக்கும். அது எந்த மாதம் என்று இரண்டு வருட வங்கிக் கணக்கைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

அடுத்தது, பில் போட்டதையே வருமானம் என்று எழுதிக்கொள்வது. ஒரு நிறுவனம் உங்களுக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் ஓர் ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் பொதுவாக 10 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரியாகப் பிடித்துக்கொள்ளும். 60,000 ரூபாய் பில்லுக்கு 54,000 வரும். மீதி உங்கள் பணம்தான். வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். இந்த மாத வாடகைக்கு மட்டும் உதவாது. அந்த 54,000 ரூபாயும் மார்ச் மாத வேலைக்கு மே மாதத்தில் வரலாம். ஆகவே இலக்குத் தாளில் பில் போட்டதற்கு ஒரு பத்தி, கைக்கு வந்ததற்கு ஒரு பத்தி வேண்டும். குடும்பம் நடப்பது இரண்டாவது பத்தியில்.

பணம் கைக்கு வருவதை வேகப்படுத்தச் சட்டம் ஒன்று இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. சிறு தொழில்களைப் பதிவு செய்யும் அரசின் உதயம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொண்டவருக்கு, 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டு) சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் அடிப்படை வட்டியான வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவு இலவசம், கட்டணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, கெடு தாண்டி நிலுவையில் வைத்த தொகையை நிறுவனம் அதைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். எனவே யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. பில்லில் உதயம் எண்ணை அச்சிட்டு வைத்தால், மார்ச் நெருங்கும்போது கணக்குப் பிரிவினர் அதைக் கவனிக்கக் காரணம் இருக்கிறது.

இலக்கை எட்டிவிட்டேன் என்று சொல்பவர்களிடமும் ஒரு கேள்வி கேட்கலாம்: எத்தனை பேர் கொடுத்த பணம்? முக்கால் பங்கு ஒரே இடத்திலிருந்து வந்தால், ஒரு முதலாளியை விட்டுவிட்டு, விடுப்பும் பிஎஃப்பும் தராத இன்னொரு முதலாளியைப் பிடித்திருக்கிறீர்கள். எந்த ஒரு வாடிக்கையாளரும் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் உச்சவரம்பை இலக்கோடு சேர்த்தே எழுத வேண்டும்.

‘இந்த மாதம் மூன்று புது வாடிக்கையாளர்கள்’ என்று எழுதுவதிலும் சிக்கல் உண்டு. வருவதும் வராததும் அவர்கள் கையில். வாரத்துக்கு ஐந்து பேருக்கு எழுதுவேன் என்பது உங்கள் கையில். இலக்கோடு சேர்த்து எழுதும் ‘கற்றுக்கொள்ள வேண்டியவை’ பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: நேரம் ஒதுக்காத பயிற்சி வகுப்பு வெறும் கட்டணச் செலவு.

இலக்கை எப்போது திருத்துவது என்பதற்குத் தனியாக நாள் தேட வேண்டாம். ஆண்டு வரி, டிடிஎஸ் போக 10,000 ரூபாயை எட்டினால் ஆண்டு முடியும் முன்பே முன்கூட்டிய வரியைத் தவணையாகக் கட்டியாக வேண்டும்; ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிகள் அதற்கான கெடு. எப்படியும் கணக்கைத் திறக்கும் அந்த நாளில் இரண்டாவது பத்தியைக் கூட்டிப் பார்த்து, அடுத்த மூன்று மாதத்துக்கான எண்ணை மாற்றி எழுதலாம். குறைத்து எழுத வேண்டியிருந்தால் குறைத்தே எழுதுங்கள்.