சமையல் குறிப்பிலிருந்து கடைப் பட்டியல் எழுதுவது எப்படி?

சமையல் குறிப்பில் 'பொடியாக நறுக்கிய வெங்காயம் 1 கப்' என்று இருக்கும். கடையிலோ வெங்காயத்தை முழுசாக எடை போட்டுத்தான் வாங்குகிறோம். குறிப்பு எழுதியவர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அளக்கிறார். நமக்கு வேண்டியது தராசில் வைக்கிற அளவு. நல்ல பட்டியல் எழுதுவது என்றால் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்தைச் சரியாகச் செய்வதுதான்.

நானும் வெகுநாள் குறிப்பைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனவன்தான். ஒரு நாள் மூன்று படங்களை மாற்றி மாற்றிப் பார்த்து வாங்கி வந்தேன். வீட்டில் பையைப் பிரித்தபோது, மூன்றிலுமே இருந்த பூண்டு இல்லை. அன்றிலிருந்து பட்டியல் எழுதாமல் கிளம்புவதில்லை.

எடுத்துக்காட்டாக நான்கு பேருக்குத் தக்காளி சூப், காய்கறி சாதம், கொண்டைக்கடலைக் கறி மூன்றும் சமைக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: எத்தனை பேருக்கு என்று பாருங்கள்

ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் எத்தனை பேருக்கான அளவு என்று இருக்கும். சூப்பும் கறியும் 4 பேருக்கு, சாதம் மட்டும் 2 பேருக்கு என்றால், சாதத்துக்கான எல்லா அளவையும் இப்போதே இரண்டால் பெருக்கிவிடுங்கள். அப்புறம் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் எதைப் பெருக்கினோம், எதை விட்டோம் என்பது மறந்துபோகும்.

படி 2: செய்முறையையும் படித்து எழுதுங்கள்

தேவையான பொருட்கள் என்ற பகுதியை மட்டும் பார்த்து எழுதினால் போதாது. 'மேலே கொத்தமல்லி தூவி இறக்கவும்', 'சிறிது எலுமிச்சைச் சாறு சேர்க்கவும்' என்று செய்முறைக்குள் சில பொருட்கள் ஒளிந்திருக்கும். கடைசி வரி வரை படித்துவிட்டு, ஒரு பொருளுக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். பக்கத்தில் எந்தச் சமையலுக்கு என்பதையும் சுருக்கமாகக் குறியுங்கள். கடையில் ஒரு பொருள் கிடைக்காவிட்டால், எந்தச் சமையலை மாற்ற வேண்டும் என்று அந்தக் குறிப்புதான் சொல்லும்.

பெயரில் கவனம் வேண்டும். சோம்பும் பெருஞ்சீரகமும் ஒன்றுதான். இரண்டு குறிப்புகளில் இரண்டு பெயரில் வந்தால் பட்டியலில் இரண்டு வரி விழுந்துவிடும். இதற்கு நேர்மாறானது 'மல்லி'. ஒருவர் தழையைச் சொல்லியிருப்பார், இன்னொருவர் விதையை. 'மிளகாய்' என்று மட்டும் எழுதினாலும் பச்சையா, காய்ந்ததா, தூளா என்று கடையில் நின்று யோசிக்க வேண்டிவரும். முழுப்பெயரையே எழுதிவிடுங்கள்.

படி 3: ஒன்றாகக் கூட்டி, கடை அளவுக்கு மாற்றுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். சூப்புக்கு 1, கறிக்கு 2, சாதத்துக்கு நறுக்கியது 2 கப். நடுத்தர வெங்காயம் ஒன்றை நறுக்கினால் ஏறக்குறைய ஒரு கப் வரும். ஆக மொத்தம் 5 வெங்காயம். ஒன்று 150 கிராம் என்று வைத்தால் 750 கிராம். பட்டியலில் 'வெங்காயம், முக்கால் கிலோ' என்று ஒரே வரி.

எண்ணெய் சூப்புக்கு 1 மேசைக்கரண்டி, சாதத்துக்கு 4, கறிக்கு 3. ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி என்பதால் மொத்தம் 120 மில்லி. தேக்கரண்டி என்றால் 5 மில்லி. கப் அளவு ஊருக்கு ஊர் மாறும்: அமெரிக்கக் குறிப்புகளில் ஏறத்தாழ 240 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 250 மில்லி. கடைக்குப் போக இந்த வித்தியாசம் பெரிதில்லை.

ஆனால் ஒரே கப்பில் எல்லாப் பொருளும் ஒரே எடை இருக்காது. ஒரு கப் தண்ணீர் 240 கிராம் என்றால், ஒரு கப் அரிசி 200 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். மைதா மாவு சுமார் 125 கிராம்தான். சாதத்துக்கு 2 கப் அரிசி வேண்டும் என்றால் 400 கிராம் என்று எழுதலாம்.

இன்னும் கவனிக்க வேண்டியது, வெந்ததா வேகாததா என்பது. கறிக்கு 'வேகவைத்த கொண்டைக்கடலை 3 கப்' என்று இருந்தால் 3 கப் கடலை வாங்கிவிடாதீர்கள். ஒரு கப் காய்ந்த கடலை வெந்தபின் இரண்டரை முதல் மூன்று கப் வரை ஆகும். 250 கிராம் வாங்கினால் தாராளம். கீரை இதற்கு நேர்மாறு. கூடை நிறைய வாங்கினாலும் வெந்தபின் ஒரு கிண்ணம்தான் மிஞ்சும். அதனால் 'வேகவைத்த கீரை' என்று அளவு தந்திருந்தால் பல மடங்கு கூட்டி வாங்க வேண்டும்.

படி 4: அலமாரியைத் திறந்து பாருங்கள்

உப்பு இருக்கும், எண்ணெய் இருக்கும் என்று மனக்கணக்கில் அடிக்காதீர்கள். டப்பாவைத் திறந்து பார்த்து, 120 மில்லி எண்ணெய் இருக்கிறதா என்று உறுதி செய்தபின் அடியுங்கள். பாதிதான் இருந்தால் மீதியை மட்டும் எழுதுங்கள். தேதி முடிந்த டப்பாக்களும் இப்போதே கண்ணில் படும்.

படி 5: கடைக்குள் நடக்கும் வரிசையில் அடுக்குங்கள்

காய்கறி, மளிகை, பால் பொருட்கள், மற்றவை என்ற நான்கு தலைப்புகள் தொடக்கத்துக்குப் போதும். நீங்கள் வழக்கமாகப் போகும் கடையில் எது முதலில் வருகிறதோ அந்த வரிசையில் தலைப்புகளை வையுங்கள். குளிர்ந்த பொருட்கள் மட்டும் எப்போதும் கடைசியில். பால், இறைச்சி போன்றவை குளிர்ச்சி இல்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான்.

நம் எடுத்துக்காட்டு இப்படி முடியும்:

மளிகை: அரிசி 400 கிராம் (சாதம்), கொண்டைக்கடலை 250 கிராம் (கறி)
காய்கறி: வெங்காயம் முக்கால் கிலோ (மூன்றுக்கும்), தக்காளி ஒன்றேகால் கிலோ (சூப், கறி), பூண்டு 2 முழுசு (மூன்றுக்கும்), கேரட் 2 (சாதம்), பீன்ஸ் 200 கிராம் (சாதம்), கொத்தமல்லித் தழை 1 கட்டு (கறி)
பால் பொருட்கள்: கிரீம் 100 மில்லி (சூப்)

கணினியில் எழுதுபவர்கள் ஸ்ப்ரெட்ஷீட்டில் பொருள், அளவு, பிரிவு, சமையல் என்று நான்கு பத்திகள் போட்டு, பிரிவின்படி வரிசைப்படுத்தினால் இதே பட்டியல் வந்துவிடும். குறிப்பின் இணைப்பைக் கொடுத்தால் பொருட்களைத் தானே எடுத்துக்கொள்ளும் செயலிகளும் இருக்கின்றன. அவசரத்துக்கு உதவும். ஆனால் செய்முறைக்குள் ஒளிந்திருக்கும் பொருளையும், 'நறுக்கியது 2 கப்' என்பதையும் அவற்றை நம்பி விட்டுவிடாதீர்கள். முதல் சில முறை தாளில் கையால் எழுதிப் பழகுங்கள் என்றுதான் சொல்வேன்.

சமைத்து முடித்ததும் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டாம். எது மிஞ்சியது, எது போதவில்லை என்று அதிலேயே திருத்தி, சமையல் குறிப்போடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை இதே மூன்றைச் சமைக்கும்போது நான்காம் படியிலிருந்து தொடங்கினால் போதும்.