ராபின் ஹுட்ஸ் பே: கடல் வற்றும் நேரம் பார்த்து ஒரு வார விடுமுறை

குழந்தைகளோடு கடலோர விடுமுறை என்றால் முதலில் வீடு பார்ப்போம், அப்புறம் வானிலை. யார்க்‌ஷர் கரையில் விட்பி என்ற இங்கிலாந்து ஊருக்குத் தெற்கே இருக்கும் ராபின் ஹுட்ஸ் பே கிராமத்துக்கு அந்த வரிசை சரிப்படாது. கடல் ஏறிவிட்டால் அங்கே கடற்கரையே இல்லை. தெரு முடியும் இடத்தில் அலை மோதும். வற்றினால் வளைவு வளைவாகப் பாறைத்திட்டுகள் வெளியே வந்துவிடும்.

அதனால் முதல் வேலை, விட்பிக்கான டைட் டேபிளை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் அட்டவணையை, எடுத்து வைத்துக்கொள்வது. கடல் ஒரு நாளில் சுமாராக இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அடுத்த நாள் அதே நிலைக்கு வர ஏறத்தாழ 50 நிமிடம் கூடுதலாகும். சனிக்கிழமை காலை 9 மணிக்கு வற்றினால் அடுத்த சனிக்கிழமை மதியம் 3 மணி வாக்கில் வற்றும். அப்படி ஒரு வாரம் கிடைத்தால் விடாதீர்கள், ஏழு நாளும் பகல் வெளிச்சத்தில் பாறைகள் உங்களுக்குத்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் இன்னும் தூரம் உள்வாங்கும்.

ஒரு எச்சரிக்கை. சில அட்டவணைகள் கோடையிலும் கிரீன்விச் நேரத்தையே தரும். கோடையில் இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முதல் வருடம் நான் கூட்டவில்லை. கடல் இறங்க ஆரம்பித்திருக்கும் என்று நினைத்துக் குடும்பத்தோடு போய் நின்றால், அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கம்பூட்ஸ் மாட்டிய இரண்டு பிள்ளைகள், கையில் ஆளுக்கொரு வாளி, படியில் உட்கார்ந்து என்னை முறைத்தது இன்னும் மறக்கவில்லை.

அடுத்தது பயணம். லண்டனிலிருந்து யார்க், அங்கிருந்து ஸ்கார்பரோ வரை ரயில், பிறகு பஸ். காரில் போனால் மேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து இறங்க வேண்டும். இறக்கம் செங்குத்து, சந்துகள் குறுகல். சக்கரப் பெட்டியும் தள்ளுவண்டியும் இங்கே உதவாது, முதுகுப் பைதான். ஆகஸ்ட் ஆனாலும் ஸ்வெட்டர் வேண்டும், வடகடல் காற்று அப்படி.

இனி முக்கியமான வேலை, பாறைக் குட்டைகள். கடல் முழுக்க வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்கி, இறங்கும் தண்ணீரின் பின்னாலேயே போங்கள். குட்டையின் ஓரமாகக் குந்தி, நிழல் தண்ணீரில் விழாமல் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு சங்கு நகரும். உள்ளே துறவி நண்டு. பாறையில் ஒட்டிய கருஞ்சிவப்பு ஜெல்லித் துண்டு போலிருப்பது கடற்சாமந்தி என்ற உயிரினம், தண்ணீருக்குள் இருந்தால் இதழ் விரித்திருக்கும். புரட்டிய கல்லைப் புரட்டியபடி விடாமல் பழையபடி வையுங்கள்.

கூழாங்கற்களுக்கு நடுவே சுருள் சுருளாக அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவம் கிடைக்கும். நம் பூஜையறைச் சாளக்கிராமமும் அம்மோனைட் கல்தான் என்று சொன்னபோது என் அம்மா நம்பவில்லை. இந்த ஊர்க்காரர்கள் இவை விட்பி மடத்தின் தலைவியாக இருந்த புனித ஹில்டா கல்லாக்கிய பாம்புகள் என்று கதை சொல்வார்கள். கீழே கிடப்பதை மட்டும் பாருங்கள். செங்குத்துக் கரையைத் தட்டவும் வேண்டாம், அதன் அடியில் உட்காரவும் வேண்டாம். கல் சரியும்.

கடல் முழுக்க வற்றிய நேரத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும் திரும்பிவிட வேண்டும். தெற்கே இருக்கும் பாகில் ஹோல் என்ற சின்னக் குடாப் பக்கம் கரையோரமாகப் போனவர்களைக் கடல் ஏறி மறித்துவிடும். போகும்போது மணலில், வரும்போது மேட்டுப் பாதையில் என்பதுதான் எங்கள் வழக்கம். மாட்டிக்கொண்டால் 999 அழைத்து கோஸ்ட்கார்டு (கடலோர மீட்புப் படை) என்று சொல்லுங்கள்.

கடல் ஏறியிருக்கும் நேரத்துக்கு, 1965இல் நின்றுபோன ரயிலின் பாதை இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சின்னவர்களுக்கு அது இரண்டாம்பட்சம். மேற்குக் கரையில் செயின்ட் பீஸ் என்ற ஊரிலிருந்து சுமார் 190 மைல் நடப்பவர்கள் இந்தக் கிராமத்தில்தான் முடிப்பார்கள். அங்கே எடுத்த கூழாங்கல்லை இங்கே கடலில் எறிவது வழக்கம். சிப்ஸ் பொட்டலத்தைக் கடற்காகங்களிடமிருந்து மறைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தால், சேறு படிந்த பூட்ஸோடு ஒவ்வொருவராக வந்து எறிவதை எண்ணலாம். போன முறை ஒரே மாலையில் பதினொன்று.