கீச்சிடும் புகை எச்சரிக்கைக் கருவி: பற்றரி வாங்க ஓடுவதற்கு முன்

போன மாதம் தெகிவளையில் ஒரு வீட்டில், என்னிடம் மின் வேலை பழகும் தம்பி ஏணியிலிருந்து இறங்கி, புதிய பற்றரி போட்டாகிவிட்டது, இனிச் சத்தம் வராது என்று வீட்டுக்காரருக்கு உறுதி சொல்லிக்கொண்டிருந்தபோது, அவனுடைய தலைக்கு மேலேயே அந்தக் கருவி மறுபடியும் கீச்சிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க உரிமை இல்லை. 15 ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தையில் இதே உறுதிமொழியோடு ஏணியடியில் நின்றவன் நான். பற்றரியைக் கழற்றி லாச்சிக்குள் போட்டுவிட்டு உறங்குவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அக்கறையோடு பழுது பார்க்க முற்படுபவர்களே செய்யும் தவறுகள்தான் என்னை எழுதத் தூண்டின.

எது கீச்சிடுகிறது என்று அறியாமல் ஏணியை விரிப்பது

இக்கருவிகளின் ஒலி பெரும்பாலும் 3,000 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அது இரண்டு காதுகளையும் வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டும், மிக உயர்ந்த ஒலியின் திசையைத் தலை மறைப்பதால் உண்டாகும் வலிமை வேறுபாட்டைக் கொண்டும் நாம் உணர்கிறோம். இந்தக் கீச்சொலி இரண்டுக்கும் நடுவே விழுவதாலும், ஒரு விநாடிகூட நீடிக்காததாலும், சீமெந்துச் சுவர்களில் பட்டுத் தெறிப்பதாலும், பக்கத்து அறையில் எழுவது நம் தலைக்கு மேல் எழுவதுபோலத் தோன்றும். ஆகவே காதை மட்டும் நம்ப வேண்டாம். 30 முதல் 60 விநாடிக்கு ஒருமுறை வருவது இதன் வழக்கம் என்பதால், ஒவ்வொரு கருவியின் கீழும் இரண்டு நிமிடம் பொறுமையாக நின்று பாருங்கள்.

பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் மூன்று கருவிகளுக்கும் பற்றரி மாற்றிய பின்னும் சத்தம் ஓயவில்லை. எவரோ எப்போதோ கழற்றி அலுமாரியின் மேல் ஒரு பெட்டிக்குள் வைத்து மறந்துபோன நான்காவது கருவிதான் கத்திக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் அது கணினிக்கு வைத்திருந்த யூபிஎஸ். உயரமான தொடர்மாடிகளில் வசிப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே கூரையில் இருப்பவை பெரும்பாலும் கட்டடத்தின் கட்டுப்பாட்டுப் பலகையோடு கம்பியால் இணைக்கப்பட்ட உணரிகள். அவற்றுக்குள் பற்றரி கிடையாது; திருகிக் கழற்றினால் கீழே உள்ள பலகையில் பழுது என்று காட்டும். அவற்றைப் பராமரிப்பு அலுவலகத்திடம் விட்டுவிடுங்கள்.

பின்பக்கத்தை வாசிக்காமல் பற்றரி மாற்றுவது

இந்தத் தவறின் மீது எனக்குள்ள எரிச்சல் இன்னும் தணியவில்லை. அதற்குக் காரணம் நான் அதை நான்கு முறை செய்ததுதான்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக வசித்தார். அவருடைய கருவி கீச்சிட்டது. நான் சென்று 9 வோல்ட் பற்றரியை மாற்றினேன். சில நாள் அமைதி நிலவியது. பிறகு மறுபடியும் அழைப்பு வந்தது. பற்றரி பழைய சரக்காக இருந்திருக்கும் என்று கடைக்காரரைக் குறை சொல்லி, விலை கூடிய ஒன்றை வாங்கிப் போட்டேன். மூன்றாம் முறை, கடற்காற்றின் உப்பால் தொடுமுனைகள் பச்சைபிடித்திருப்பதைக் கண்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையோடு அவற்றைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, மேலும் ஒரு பற்றரியைப் போட்டேன். கடற்கரையோர வீடுகளில் அப்படித் துடைப்பது நல்ல காரியந்தான். ஆனால் அந்த வீட்டின் நோய் அது அன்று. நான்காம் முறையும் மாற்றிவிட்டு இறங்கியபோது அந்த அம்மா தேநீரைத் தந்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “தம்பி, நீங்கள் முதல் கழட்டித் தந்த பற்றரியில என்ர சின்ன ரேடியோ இப்பவும் பாடிக்கொண்டிருக்குது.”

கழற்றிய பற்றரிகளில் குறையே இருக்கவில்லை. அப்போதுதான் கருவியை இறக்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். லண்டனிலிருந்து அவருடைய சகோதரர் கொண்டுவந்து கொடுத்த அதில், உற்பத்தி ஆண்டு 1997 என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது.

புகை எச்சரிக்கைக் கருவியின் ஆயுள் பொதுவாக 10 ஆண்டுகள். அந்தக் கணக்கு கூரையில் பொருத்திய நாளிலிருந்து அல்ல, உற்பத்தியான நாளிலிருந்து தொடங்குகிறது. வெளிநாட்டு உறவினர் வீட்டில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் பயணப்பெட்டியில் இங்கே வந்து சேரும் கருவிகளுக்கு மிச்சமிருக்கும் காலம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஆயுள் முடிந்ததையும் பற்றரி இறங்கியதையும் பல கருவிகள் ஏறக்குறைய ஒரே கீச்சொலியால் அறிவிக்கின்றன. பற்றரியைக் கழற்றி மாட்டும்போது கருவி தன்னைப் புதிதாகத் தொடங்கிக்கொண்டு சிறிது காலம் அமைதியாக இருக்கக்கூடும் என்பதால், மாற்றியது பலித்தது என்று நாம் ஏமாறுகிறோம்.

ஒரு பொறியியலாளர் என்னோடு இதைப் பற்றி வாதிட்டார். அவருடைய கருவி அயனாக்க வகையைச் சேர்ந்தது. அதற்குள் புகையை உணர உதவும் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு இருக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறக்குறைய 432 ஆண்டுகள். அப்படியிருக்க 10 ஆண்டு என்பது விற்பவர்களின் தந்திரம் என்றார். அமெரிசியத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் அதைச் சுற்றியுள்ள அறைக்குள் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிகின்றன, மின்சுற்று தேய்கிறது, சிறு பூச்சிகள் குடியேறுகின்றன. ஒளிச்சிதறலைக் கொண்டு புகையை அறியும் வகைக்கும் இதே கதிதான். சோதனைப் பொத்தானை அழுத்தியதும் பலமாக ஒலிக்கிறதே என்பார்கள். அது மின்சுற்றும் ஒலிப்பானும் இயங்குவதைக் காட்டுமேயன்றி, புகை உள்ளே புகுந்து உணரப்படுமா என்பதற்குச் சான்றாகாது.

நான்கு பற்றரிகளின் விலையும் நான்கு நாள் கூலியும் சேர்ந்தால் ஒரு புதிய கருவியின் விலையைத் தாண்டும். கூலியை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அதைவிடப் பெரிய விடயம், புகையை உணருமா என்று சொல்ல முடியாத ஒன்றின் கீழே அவரை அத்தனை காலம் நிம்மதியாக உறங்கச் சொல்லியிருக்கிறேன் என்பது.

கிடைத்த பற்றரியைப் போடுவது

காபன்-நாக வகை வேண்டாம், அல்கலைன் வாங்குங்கள். மீள்மின்னேற்றக்கூடிய 9 வோல்ட் பற்றரிகள் பலவற்றின் உண்மையான அளவு 8.4 வோல்ட் என்பதால், முழுதாக மின்னேற்றியிருந்தாலும் கருவி விரைவில் முறையிடத் தொடங்கும்.

சத்தம் விடிகாலையில் மட்டும் வருவதால் பேய் என்றோ பழுதென்றோ எண்ணுவது

குளிரில் பற்றரியின் வலு குறையும். குளிரூட்டி இரவு முழுவதும் ஓடும் படுக்கையறையில், தேய்ந்துபோன பற்றரி விடிகாலை 3 மணிக்குக் கீச்சிட்டுவிட்டு, வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிடும். பகலில் அடங்கியது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

மின்கம்பியில் இயங்கும் கருவிக்குப் பற்றரி இல்லை என்று நம்புவது

அவற்றுள் பெரும்பாலானவற்றில் மின்சாரம் நின்றால் உதவுவதற்கு ஒரு பற்றரி இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்துண்டிப்பு நடந்த நாட்களில் கருவிகள் அந்தப் பற்றரியில்தான் இயங்கின; அப்போது இறங்கிப்போன பற்றரிகளை, மின்சாரம் சீரான பிறகும் பலர் மாற்றவில்லை. மாற்றும்போது முதலில் வீட்டுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தும் ரிப் சுவிச்சை இறக்கி, பழைய பற்றரியை எடுத்துவிட்டு, சோதனைப் பொத்தானை 15 முதல் 20 விநாடிகள் வரை அழுத்திப் பிடித்து உள்ளே எஞ்சியிருக்கும் மின்னேற்றத்தைப் போக்குங்கள். இதைச் செய்யாமல் புதியதைப் போட்டால் பழைய முறைப்பாட்டையே அது தொடரக்கூடும்.

ரொறன்ரோவிலிருந்து வந்ததைக் கூரை மின்கம்பியோடு இணைப்பது

அது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. இங்கே வருவது 230.

வர்ணம் பூசுவோர் கருவியின் மீதும் பூசிவிடுவது

சுரண்டிப் பயனில்லை. புதிது வாங்குங்கள்.

எல்லா ஒலியையும் பற்றரியின் கணக்கில் எழுதுவது

இடைவிட்டு ஒருமுறை வரும் கீச்சொலி வேறு. மூன்று நீண்ட ஒலி, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று என்று வருவது வேறு. பின்னையது புகைக்கான அறிவிப்பு. சாம்பிராணியாலோ குசினியில் தாளித்ததாலோ வந்திருக்கலாம் என்றாலும், ஒவ்வோர் அறையையும் கண்ணால் பார்த்த பின்னரே அப்படி முடிவு செய்யுங்கள். காபன் மொனொக்சைட் வாயுவையும் அறியும் கருவியாயின் அது நான்கு நான்காக ஒலிக்கும். மின்துண்டிப்பின்போது பல்கனியில் மின்பிறப்பாக்கியை ஓட்டுபவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் அதன் புகையில் கலந்து வரும் அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. அந்த நேரத்தில் ஏணியையும் பற்றரியையும் தேடாமல், வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, தீயணைப்புச் சேவையின் 110 என்ற இலக்கத்தை அழையுங்கள்.